பூச்சிக்கு அடித்த மருந்து மயிலை ஏன் கொல்கிறது?

காரைக்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மோனோகுரோட்டோபாஸ் அடித்த வயலில் மேய்ந்த மயில் ஏன் நடுங்கிச் சாகிறது? பூச்சிமருந்து பூச்சியைத்தானே கொல்லணும்?" குன்றக்குடி முருகனின் வாகனமாச்சே, தெய்வக் குத்தமோ என்றும் பேச்சாம். முருகனை இதில் இழுக்க வேண்டாம். இது வேதியியலின் வேலை.

நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளை அசிட்டைல்கோலின். பள்ளியில் படித்ததுதான். சேர்ந்த கையோடு அதை அழிக்காவிட்டால் தசை துடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் செயலிழக்கும். அழிப்பது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. இதன் வேகம் என்னை எப்போதும் அசத்தும்: ஒரே மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின்களை வெட்டித் தள்ளும்! வெட்டுமிடம் ஒரு குறுகலான பள்ளத்தின் அடியில் இருக்கிறது. அங்கே செரின் என்ற அமினோ அமிலம். வந்த அசிட்டைல் துண்டு செரினில் ஒட்டும். தண்ணீர் மறுகணமே கழற்றிவிடும். மோனோகுரோட்டோபாஸ் வந்தாலோ ஒட்டுவது பாஸ்பரஸ் துண்டு. பூட்டுக்குள் முறிந்த சாவி மாதிரி. நேரமாக ஆக அந்தத் துண்டு தன் கிளையொன்றை உதிர்த்து இன்னும் இறுகும். அப்புறம் பிராலிடாக்சைம் என்ற முறிவு மருந்து ஊசிக்கும் அசையாது. உடம்பு புது நொதி செய்தால்தான் உண்டு. அதற்குள் மூச்சுத் தசை நின்றுவிட்டால்?

இந்த நொதி பூச்சிக்கும் மயிலுக்கும் நமக்கும் பொது. போதாக்குறைக்கு, இவ்வகை நஞ்சை ரத்தத்தில் உடைக்கும் வேறொரு நொதி பறவைகளுக்கு மிகக் குறைவு. 1995-96இல் அர்ஜென்டினாவில், இதே மருந்தடித்த வெட்டுக்கிளிகளைத் தின்ற பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. 2013இல் பீகார் பள்ளியொன்றில் மதிய உணவு எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள்.

ஆகவே "பார்த்து அடிங்க" என்ற அறிவுரை போதாது. இதைக் காய்கறிக்கு அடிக்க 2005இலேயே தடை வந்தது; இதன் 36 சதவீதக் கரைசலுக்கு நாடு முழுக்கத் தடை 2023இல்தான், அதுவும் இருப்பை விற்றுத் தீர்க்க அவகாசத்தோடு. அதற்கு முன் தமிழ்நாடு போட்டது 60 நாள் தடை. 61ஆம் நாள் நம் நொதி மாறிவிடுமா என்ன? இலங்கை 1995இலேயே இதைத் தடுத்தது. வேறு நஞ்சுகளையும் தடுக்கத் தடுக்க தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன, விளைச்சல் சரியவில்லை.

சரி, தடையை மீறினால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதே நொதியை மின்முனையில் பூசி, அது வெட்டுவதற்கு ஏற்ற பொருளைக் கொடுத்தால் மின்னோட்டம் வரும். கீரை கழுவிய நீரில் நஞ்சிருந்தால் மின்னோட்டம் குறையும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி சிக்ரி மின்வேதியியலுக்கென்றே உள்ள ஆய்வகம். இப்படியொரு மலிவான கருவியை உழவர் சந்தைவரை கொண்டுவர அரசு அங்கே பணம் ஒதுக்கலாமே.