இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளியில் கம்ப்யூட்டிங்: பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியது என்ன?

இங்கிலாந்தில் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் இயங்கும் பள்ளிகளில், 2014 செப்டம்பர் முதல், ஐந்து வயதில் முதலாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைக்கும் 'கம்ப்யூட்டிங்' கட்டாயப் பாடம். அதற்கு முன்பிருந்த ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) பாடம், பெரும்பாலும், பிறர் எழுதிய மென்பொருளில் தட்டச்சு செய்யவும் அட்டவணை போடவும் பழக்குவதோடு நின்றுவிட்டது என்ற குறை நெடுநாளாக இருந்தது. 2012 ஜனவரியில் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கையும் அதை வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய பாடத்திட்டத்தின் கட்டாயம் விலக்கப்பட்டு, 2013-இல் வெளியான தேசியப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டிங் அதன் இடத்துக்கு வந்தது.

பாடத்திட்டம் ஆண்டுவாரியாக எழுதப்படவில்லை. 'கீ ஸ்டேஜ் 1' எனப்படும் 5 முதல் 7 வயது வரையிலான கட்டமும், 'கீ ஸ்டேஜ் 2' எனப்படும் 7 முதல் 11 வயது வரையிலான கட்டமும் முடியும்போது பிள்ளை எதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்று மட்டுமே அது சொல்கிறது. ஆகவே பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் நடத்திய ஒன்றை உங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்பில் நடத்தினால், அது விதிமீறல் ஆகாது.

முதல் கட்டத்தில் அல்காரிதம் (ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிகளின் வரிசை) என்றால் என்ன, கருவிகள் துல்லியமான கட்டளைகளை அப்படியே பின்பற்றுகின்றன என்பதன் பொருள் என்ன, ஒரு சிறு நிரல் என்ன செய்யும் என்று முன்கூட்டியே ஊகிப்பது எப்படி, அதில் உள்ள பிழையைக் கண்டு திருத்துவது எப்படி என்பவை இடம்பெறுகின்றன. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இவை வகுப்பறைத் தரையிலேயே நடந்துவிடும். பல பள்ளிகளில் உள்ள 'பீ-பாட்' என்னும் தேனீ வடிவப் பொம்மை, முன்செல்லும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், திரும்பும் பொத்தானை அழுத்தினால், நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். புதிய பாதையைப் பதிவதற்கு முன் பழைய கட்டளைகளை அழிக்க மறந்த பிள்ளை, பொம்மை முதலில் பழைய பாதையிலேயே ஓடுவதைப் பார்த்து, 'இது கெட்டுப்போச்சு' என்று சொல்லும். கெட்டது பொம்மை அல்ல, கட்டளை வரிசைதான் என்பதை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி ஆசிரியர் விட்டுவிடும் சில நிமிடங்களில்தான் பிழை திருத்தல் என்னும் பாடம் நடக்கிறது. திரையே இல்லாமல் நடக்கும் இந்த வேலையைப் பார்த்து, பள்ளியில் கணினி கற்றுத் தருவதில்லை என்று பெற்றோர் முடிவுகட்டிவிடுவது உண்டு.

இரண்டாம் கட்டத்தில் நிபந்தனை, திரும்பச் செய்தல், மாறி (மாறக்கூடிய மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்) ஆகியவற்றைக் கொண்டு நிரல் எழுதவும், ஒரு நிரல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று காரணத்தோடு விளக்கவும் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும். இணையம் உள்ளிட்ட வலையமைப்புகள் இயங்கும் விதமும், தேடுபொறி முடிவுகளைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும் விதமும் இந்தக் கட்டத்துக்கு உரியவை. என் கணிப்பில் முழுப் பட்டியலிலும் மிகப் பயனுள்ள வரி இந்தக் கடைசி வரிதான். முதலில் வருவதே உண்மை என்று நம்பும் பெரியவர்கள் நம்மிடையே குறைவில்லை. தனிப்பட்ட தகவல்களைக் காப்பது முதல் கட்டத்திலேயே வந்துவிடுகிறது; இணையத்தில் கவலை தரும் ஒன்றைக் கண்டால் யாரிடம் சொல்வது என்பது இரண்டு கட்டங்களிலும் உண்டு.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நிரல்மொழி, எந்தக் கருவி என்று விதி எதையும் குறிப்பிடவில்லை. வண்ணக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் என்னும் மொழி பரவலாகப் பயன்பட்டாலும் அது கட்டாயமில்லை. 11 வயதில் எழுதும் தேசியத் தேர்வுகளிலும் இந்தப் பாடம் இல்லை. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் நேரம் போதாதபோது முதலில் சுருங்குவது இதுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் உள்ள பள்ளிகள் தாங்கள் நடத்தும் பாடத்தின் உள்ளடக்கத்தை, ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் பாடவாரியாகத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும்; அங்கே கம்ப்யூட்டிங் பற்றி ஒன்றுமில்லை என்றால், வகுப்பாசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ கேட்பதில் தவறில்லை. பள்ளி நேரத்தில் நடக்கும் பாடத்துக்கும் அதற்கான கருவிகளுக்கும் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி கட்டணம் வாங்கக் கூடாது. பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் கோடிங் வகுப்புக்கு அந்தத் தடை பொருந்தாது என்பதால், கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்தால் அது எந்த நேரத்து வகுப்புக்கானது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பாடத்திட்டங்கள் இருப்பதால், மேலே சொன்ன பாடத்திட்டம் அங்குள்ள பள்ளிகளுக்குப் பொருந்தாது.