எரிந்த லாரி இன்ஜினை வாங்கும் முன்: வெப்பம் எதுவரை போனது என்று பாருங்கள்

"அண்ணே, தீப்பிடிச்ச வண்டியோட இன்ஜின் ஒண்ணு வருது. கையால திருப்பினா நல்லா சுத்துது. பாதி விலைதான் கேக்குறாங்க. எடுத்துடட்டுமா?"

இன்ஜின் வேலை செய்பவர்களுக்கு இந்த மாதிரி போன் அடிக்கடி வரும். கேட்பவர் பெரும்பாலும் ஒன்றிரண்டு லாரி வைத்து ஓட்டுபவர். வண்டி நின்றுவிட்டது, தவணை நிற்கவில்லை. அந்த அவசரத்தில் 'சுத்துது' என்ற ஒரு சொல் அவருக்குப் பெரிய ஆறுதலாகத் தெரியும். அந்தச் சொல்லை நம்பிப் பணம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிராங்க், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, சுற்றினால் ஒன்றுதான் தெரியும்: பிஸ்டன் லைனரில் (சிலிண்டரின் உள்சுவரில்) பிடித்துக்கொள்ளவில்லை. பிஸ்டன் ரிங்கின் இழுவிசை போயிருந்தாலும் சுற்றும். பேரிங்கின் மேல்பூச்சு உருகியிருந்தாலும் சுற்றும். வால்வ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இன்னும் லேசாகவே சுற்றும். ஆகவே நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள். வண்டி ஏன் எரிந்தது? இன்ஜின் எவ்வளவு சூடானது?

ஏன் எரிந்தது என்பதை விற்பவர் வாயால் மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிரேக் இறுகி டயரில் பிடித்த தீ, கேபின் வயரிங்கில் ஷார்ட் ஆகிப் பிடித்த தீ, சரக்கில் பிடித்த தீ, இவற்றிலெல்லாம் இன்ஜின் பக்கத்தில் நின்ற பாவத்துக்கு எரிந்தது. டீசல் குழாய் கசிந்து பிடித்த தீயும் உண்டு. லோடு இழுக்கும்போது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டும் டர்போவும் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசலோ 250 டிகிரிக்கு அருகிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். இதுவும் இன்ஜினின் உள்ளே இருக்கும் பாகங்களின் குற்றமல்ல. ஆனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து, இன்ஜினின் உடம்பான பிளாக்கைக் குத்தி, வெளியே தெறித்த ஆயில் மெனிஃபோல்டில் பட்டு எரிந்த வண்டியும் இருக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு, அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்புக்குச் சற்று மேலே பிளாக்கின் இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள். ஓட்டையோ, வெல்டிங் போட்ட தழும்போ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

அப்புறம் வெப்பம். எரிந்த இன்ஜினை ஒரு தெர்மாமீட்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளும் தன்னிடம் வந்த சூட்டைப் பதிந்து வைத்திருக்கும். கம்பெனி பெயிண்ட் கரிக்கு அடியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் புகையில்தான் நின்றிருக்கிறது. வயரிங்கில் நைலான் கிளிப்கள் முழுசாக இருந்தால் அங்கே 260 டிகிரி எட்டவில்லை. அலுமினிய மூடியோ பிராக்கெட்டோ மெழுகு மாதிரி வழிந்திருந்தால் ஏறக்குறைய 600 டிகிரி வந்திருக்கிறது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவைகள் அதற்கும் கீழேயே உருகத் தொடங்கிவிடும். செம்புக் கம்பி உருகிச் சொட்டாக நிற்பதைப் பார்த்து மட்டும், தீயே அதை உருக்கியது என்று அவசரப்பட வேண்டாம். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். கம்பி முழுக்க நன்றாக இருந்து ஒரே இடத்தில் மணி மாதிரி உருண்டிருந்தால் அது ஷார்ட் ஆன இடமாக இருக்கலாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் கறுப்பைக் கண்டு பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது பழுப்பைக் கண்டு. கரி படிந்த இரும்பைத் துடைத்துவிடலாம். பெயிண்டும் கரியும் சேர்ந்தே எரிந்துபோய், வெறும் இரும்பு செம்பழுப்பாகத் துருவேறி நிற்கிறதே, அந்தப் பக்கத்தில்தான் தீ நின்று எரிந்திருக்கிறது. வார்ப்பிரும்பு 500 டிகிரிக்கு மேல் போய்ச் சற்று நேரம் நின்றாலே, வார்த்த காலத்திலிருந்து உள்ளே அடங்கியிருந்த இறுக்கங்கள் விடுபடத் தொடங்கும். அப்போது பிளாக் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். லைனர் உட்காரும் இடம், மெயின் பேரிங் வரிசை எல்லாம் நூலளவு விலகும். கண்ணுக்குத் தெரியாது, நுண்ணளவு காட்டும் டயல் கேஜுக்குத் தெரியும்.

மேலே சொன்ன போன்காரரோடு நானும் போனேன். ஆறு சிலிண்டர் டீசல், வார்ப்பிரும்பு பிளாக், அதன் மேல் வால்வுகள் உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. முன்பக்கம் பெயிண்ட் இருந்தது. டர்போ பக்கமும் பின்பக்கமும் பழுப்பு. வால்வ் கவரைக் கழற்ற விற்பவர் ஒப்புக்கொண்டார். கவர் திறந்ததும் எல்லா ஸ்பிரிங்கும் தவிட்டு நிறத்தில்தான் தெரிந்தன. அது ஆயில் படிந்து காய்ந்த நிறமாகவும் இருக்கலாம், எஃகே சூட்டில் நிறம் மாறியதாகவும் இருக்கலாம். தின்னரில் நனைத்த துணியால் முதல் சிலிண்டர் ஸ்பிரிங்கை அழுத்தித் துடைத்தேன். நிறம் துணியோடு வந்துவிட்டது, கீழே எஃகு பளிச்சென்று இருந்தது. ஆறாவது சிலிண்டரில் துடைத்தேன். துணி கறுத்தது, ஸ்பிரிங் நீலமாகவே இருந்தது.

அந்த நீலம் எஃகு ஏறக்குறைய 300 டிகிரி கண்டதன் அடையாளம். வைக்கோல் நிறம் என்றால் 230 டிகிரி பக்கம். வால்வ் ஸ்பிரிங் 200 டிகிரியைத் தாண்டியபின் அழுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாலே கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். நீலமாகிவிட்டால் டெம்பர், அதாவது எஃகுக்கு ஏற்றிய உறுதி, போனதாகவே எடுத்துக்கொள்வேன். இரண்டையும் கழற்றி ஒரு தட்டையான இரும்பின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். பின்பக்கத்து ஸ்பிரிங் குட்டையாக இருந்தது, அளவுகோல் இல்லாமலே தெரிந்தது. ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம், அது சின்னச் செலவு. ஆனால் அந்த ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த ஹெட்டும் அதே சூட்டைத்தானே கண்டது?

அடுத்து சம்ப். டிரெயின் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்திக் கீழே ஒரு கண்ணாடிக் குடுவையைப் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், இருந்தால் அதுதான் முதலில் வரும். தண்ணீர் வந்தால், லைனரின் அடியிலுள்ள ஓ ரிங் வெந்துபோய்க் கூலன்ட் இறங்கியிருக்கலாம், அல்லது தீயணைத்த தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். எங்களுக்கு வந்தது வெறும் ஆயில். விரலில் தொட்டுத் தேய்த்தபோது வழவழப்பு இருந்தது, தீய்ந்த வாடை இல்லை. எனக்கு அன்று கிடைத்த நல்ல செய்தி அதுதான். சம்பில் ஆயில் ஆயிலாகவே இருக்கிறது என்றால் கீழ்ப்பாகம் பெரிதாக வேகவில்லை. பேரிங்கின் மேல்பூச்சில் இருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அந்தச் சூடு வந்திருந்தால் ஆயில் இப்படி இருந்திருக்காது. சம்ப் உருகி ஆயிலே இல்லாமல் கிடக்கும் இன்ஜினை இரும்பு விலைக்கு மேல் நான் கேட்பதில்லை.

தீயைவிடத் தீயணைத்த விதம் கெடுதல் செய்வதும் உண்டு. பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் பீய்ச்சினால் விரிசல் விடும். ஹெட்டில் இரண்டு வால்வ் சீட்டுக்கு நடுவிலும் இன்ஜெக்டர் ஓட்டையைச் சுற்றியும் முதலில் தேடுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாததைக் காந்தப் பொடி காட்டும். தண்ணீர்ப் பாதையை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பதும் கட்டாயம். இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் போன தண்ணீர் சில நாளிலேயே லைனரில் துருக்கோடு போட்டுவிடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பவுடர் அடித்து அணைத்திருந்தால் அந்தப் பவுடரையும் இன்ஜின் உறிஞ்சியிருக்கும். சாதாரணமாக வண்டிகளில் வைக்கும் பவுடரில் இருப்பது அமோனியம் பாஸ்பேட். ஈரம் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். வயரின் பிவிசி உறை எரிந்த புகையும் அப்படித்தான், தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். அதனால் தீ நடந்து எத்தனை நாள் ஆயிற்று, அதுவரை இன்ஜின் வெயிலிலும் மழையிலும் திறந்து கிடந்ததா என்று கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில ஆயில் சீல்களும் ஓ ரிங்குகளும் விட்டான் எனப்படும் ஃப்ளூரின் கலந்த ரப்பரில் செய்தவை. 300 டிகிரிக்கு மேல் கடுமையாக வெந்தால் அது சிதைந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைத் தரும். பிசுபிசுப்பாகக் கருகிக் கிடக்கும் சீலை வெறுங்கையால் தோண்டவே தோண்டாதீர்கள். அந்த அமிலம் பட்டவுடன் எரிச்சல் தெரியாமலும் இருக்கலாம். தோலுக்குள் இறங்கி எலும்புவரை போகும். கெட்டியான ரசாயனக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். பட்டுவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய், எதைத் தொட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பட்டறைப் பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எனக்கு அது பெரிய கவலை.

கிராங்கின் முன்முனையில் இருக்கும் டேம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய டீசல் இன்ஜின் பலவற்றில் அது ஒரு கனமான மூடிய வட்டு, உள்ளே சிலிகான் திரவம். வெளியே பார்த்தால் வெறும் இரும்பு, அதனால் துடைத்து மாட்டிவிடுகிறார்கள். சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் இறுகிவிட்டால் டேம்பர் கிராங்கின் முறுக்கு அதிர்வை வாங்காது. என் பட்டறைக்கு வந்த ஒரு இன்ஜினில், எரிந்த பாகம் எல்லாம் புதிதாகப் போட்டு, பழைய டேம்பரை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். கிராங்க் முறிந்திருந்தது. பேரிங் எல்லாம் புதுசு, ஆயில் அழுத்தமும் குறைந்ததில்லை என்று டிரைவர் சொன்னார். முறிந்த முகம் சாய்வாக, முறுக்கிப் பிரித்த கயிறு மாதிரி இருந்தது. எரிந்த இன்ஜினில் டேம்பரை மாற்றியே ஆக வேண்டும், சோதித்துப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை.

மற்றவற்றைக் கணக்குக்காகச் சொல்கிறேன். சென்சார், வயரிங், இசிஎம் (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி), ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், எல்லா ரப்பர், எல்லா கேஸ்கட், ஹெட் போல்ட். தீ நின்ற பக்கத்தில் இவற்றுக்குச் சுழியம் மதிப்புப் போடுங்கள். புது டீசல் இன்ஜின்களில் வரும் காமன் ரெயில் இன்ஜெக்டர் 1600 பாருக்கு மேல் அழுத்தம் தாங்க வேண்டிய பொருள். வெளியே பிளாஸ்டிக் கனெக்டர் உருகியதை 'துடைச்சா போதும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில் இந்தப் பட்டியல் சின்னது. புது இன்ஜினில் பல நேரம் பட்டியலே இன்ஜின் விலையை எட்டிவிடும். பாகங்கள், லேத் வேலை, சோதனைக் கூலி, வண்டி நிற்கும் நாட்கள் எல்லாம் கூட்டியபின், ஓட்டிக் காட்டி விற்கும் நல்ல பழைய இன்ஜின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் நான் வேண்டாம் என்பேன். திறந்தபின் ஏதாவது ஒன்று கூடுதலாக வரும், அதற்கு அந்த இடைவெளி வேண்டும்.

பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் எரிந்த இன்ஜினை நான் பார்க்கவே போவதில்லை. அழுக்கோடு இருப்பதில் படிக்க ஏதாவது இருக்கும். மணல் பீய்ச்சித் தேய்த்திருந்தால் சாட்சி போனது மட்டுமல்ல, ஆயில் பாதைக்குள் மணலும் போயிருக்கும். பிளாக்கில் குத்திய எண் ஆவணத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

சரி, அந்த ஆறு சிலிண்டர் கதைக்கு வருகிறேன். பிளாக்குக்கும் கிராங்குக்கும் மட்டும் விலை பேசச் சொன்னேன், ஹெட்டும் அதற்கு மேலிருப்பதும் கணக்கில் இல்லை என்று. விற்பவர் இரண்டு நாள் இறங்கி வரவில்லை, மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார். பிளாக் அழுத்தச் சோதனையில் நின்றது, மெயின் பேரிங் வரிசை நேராக இருந்தது. வேறொரு இன்ஜினிலிருந்து நல்ல ஹெட் ஒன்று தேடி எடுத்தோம். பழைய ஹெட்டைக் காந்தப் பொடி போட்டுப் பார்த்தபோது, ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வுக்கு நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு இருந்தது.