அந்தப் படத்தைக் காட்ட மாட்டேன்

“டாக்டர், உள்ளே அவன் என்னதான் வரைகிறான்? ஒரே ஒரு முறை காட்டுங்களேன்” என்று கேட்காத பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை. (நான் டாக்டர் இல்லை, படம், நாடகம், எழுத்து வழியாக மனக்காயத்தை ஆற்ற உதவும் கலைவழி உளச்சிகிச்சை அளிப்பவள் என்று ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். அடுத்த வாரம் மறுபடியும் டாக்டர்தான்.) காட்ட மாட்டேன். வரைந்தவர் விரும்பினால் அவரே காட்டுவார். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் பெற்றோரிடம் பேசுவேன். அதை முதல் நாளே இரு தரப்பிடமும் சொல்லிவிடுவேன்.

பெற்றோர் அந்தத் தாளை எக்ஸ்ரே போல நினைக்கிறார்கள். கறுப்பு என்றால் துயரம், சிவப்பு என்றால் கோபம். ஒருவர் தாள் முழுவதும் கறுப்பைப் பூசியிருந்தார். ஏன் என்று கேட்டேன். மற்ற புட்டிகளின் மூடி இறுகிப்போய்த் திறக்க வரவில்லையாம்.

என்னிடம் வரும் திருநர் பிள்ளைகளும் (பிறந்தபோது குறித்த பால் தம்முடையதன்று என உணர்பவர்கள்), ஆண் பெண் என்ற இரண்டில் அடங்காத பிள்ளைகளும் நாள் முழுவதும் பிறரால் படிக்கப்படுகிறவர்கள். நடையை, குரலை, முடியை யாராவது உற்றுப் பார்த்துப் பொருள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் அதையே செய்தால் இன்னொரு அறை எதற்கு?

“சரியாகிவிடுமா?” என்பது அடுத்த கேள்வி. பால் அடையாளம் நோயன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இதை மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது. ஏளனமும் தனிமையும் ஒளித்து வாழும் களைப்பும் தந்த காயங்களுக்குத்தான் இங்கே வேலை. பிள்ளையை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

நானும் தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பெரிய தாளில் படுக்கவைத்து உடலின் வெளிக்கோட்டை வரையும் பயிற்சியை ஓர் இளைஞருக்குக் கொடுத்தேன். பலருக்கு நன்றாகப் பலன் தரும் பயிற்சி அது. தன் உடலின் வடிவமே வலியாக இருப்பவருக்கு அந்தக் கோடு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அவர் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பயிற்சியை அத்துடன் நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். இப்போது உடலிலிருந்து தொடங்குவதே இல்லை. நிம்மதியாக மூச்சு விட முடிகிற ஓர் இடத்தை வரையச் சொல்வேன். அல்லது ஒரு முகமூடி, ஒரு கதவு. உடல் வரவேண்டிய நேரத்தில் தானே வரும், சில சமயம் மரமாக, சில சமயம் பாதி கட்டிய வீடாக. களிமண்ணையும் அவசரப்பட்டு நீட்டுவதில்லை. தொட்டுப் பிசைவது சிலருக்கு ஆறுதல், சிலருக்குத் தாங்க முடியாதது.

நாடகத்தில் பெயரை அணிந்து பார்க்கலாம். ஒருவர் மூன்று வாரம் மூன்று பெயர்களில் நடித்துவிட்டு நாலாவதைத் தேர்ந்தெடுத்தார். வெளியில் அப்படி மாற்றிக்கொண்டிருந்தால் கேலி செய்திருப்பார்கள். பெயர் சின்ன விஷயம் என்பவர்களுக்கு: 129 திருநர் இளையோரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வீடு, பள்ளி, வேலையிடம், நட்பு வட்டம் என எத்தனை இடங்களில் விரும்பிய பெயர் புழங்கியதோ, அந்த அளவுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாகக் காணப்பட்டன.

எழுத்துப் பயிற்சியில் நம் மொழியே கைகொடுக்கிறது. ‘நான் வந்தேன்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. தன்மையில் எழுதும்போது பிள்ளைகளின் பேனா தடையில்லாமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே கதையைப் படர்க்கையில் திருப்பி எழுதச் சொன்னால், முதல் வினைமுற்றிலேயே ‘ன்’ போடுவதா ‘ள்’ போடுவதா என்று பேனா நிற்கும். ‘ர்’ போட்டுப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

பெற்றோருக்கும் அதே இடத்தில்தான் இடறுகிறது. போன மாதம் ஒரு தந்தை பேசிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டச் சொல்வதை அவர் நிறுத்திச் சில வாரங்கள் ஆகியிருந்தன. “இன்று காலையில் சீக்கிரமே குளித்துவிட்டா…” என்று இழுத்தவர், கடைசி எழுத்துக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு, “குளித்தாயிற்று” என்றார்.