முன்பாரம், பின்பாரம்: பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கும் கணக்கு

இட்டமொழி, திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரி நிலத்தில் முருங்கைக் கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக, பிக்கப்பின் பின்னால் ஒரு டேங்க் டிரெய்லர் இருந்தால் வேலை சுலபம். "இன்ஜின் இழுக்குமா?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் இழுத்துவிடும். பாரம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஓடுகிற பாரத்தை எது நிறுத்தப்போகிறது என்ற இரண்டையும் கேட்காமல் விடுவதால்தான் வண்டிகள் கவிழ்கின்றன.

மாட்டுவண்டியில் முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லரிலும் இதே கதைதான், நுகத்தின் இடத்தில் கொக்கிப் பந்து, அதாவது டிரெய்லரின் கப் வந்து உட்காரும் பிக்கப்பின் இரும்பு உருண்டை, இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இறங்க வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீர் 1,000 கிலோ. டேங்கும் சட்டமும் 350 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1,350. பந்துக்கு 135 முதல் 200 கிலோ வரை வர வேண்டும். 150 கிலோ என்று கொள்வோம். பந்துக்கும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் இடையே 3 மீட்டர் இருந்தால், மொத்த எடையின் மையம் ஆக்ஸிலுக்கு 33 செ.மீ. முன்னால் விழும்படி டேங்கை வைக்க வேண்டும். சரியாக ஆக்ஸிலுக்கு மேலேயே டேங்கை வைப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. பார்வைக்கு அழகாக இருக்கும், ஓட்டத்தில் வால் ஆடும்.

இந்த 150 கிலோ பிக்கப்பின் பின் ஆக்ஸிலில் 150 ஆக மட்டும் இறங்குவதில்லை. பந்து பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடையே 3 மீட்டர் என்றால், நெம்புகோல் கணக்குப்படி பின் ஆக்ஸிலில் 210 கிலோ ஏறும், முன் ஆக்ஸிலில் 60 கிலோ குறையும். ஸ்டீரிங் லேசாகிறது, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது என்றால் காரணம் இதுதான். பந்தின் மேல் இறங்கும் எடையை பிக்கப் ஏற்றலாம் என்று அனுமதித்த சரக்கு எடையிலும் கழித்தாக வேண்டும்.

அளந்து பார்க்க அரிசி ஆலையிலோ கல் குவாரியிலோ உள்ள எடை மேடை போதும். பிக்கப்பை மட்டும் ஏற்றி எடை எடுங்கள். பிறகு டிரெய்லரை மாட்டி, டிரெய்லர் டயர்கள் மேடைக்கு வெளியே நிற்கும்படி நிறுத்தி மறுபடி எடுங்கள். வித்தியாசமே முன்பாரம். டேங்க் நிறைந்திருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். பாதி டேங்குடன் ஓடவே கூடாது. மேட்டில் தண்ணீர் பின்னால் ஓடி முன்பாரத்தைத் திருடும், பிரேக் அடித்தால் முன்னால் பாய்ந்து தள்ளும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்க் என்றால் நிறைத்து ஓட்டுங்கள், இல்லையேல் காலியாக ஓட்டுங்கள்.

கொக்கியை பம்பரில் மாட்டுவது ஆபத்து. சேஸிஸின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் குறுக்கே கனமான தாங்கி போட்டு, 8.8 தர போல்ட்டால் முடுக்க வேண்டும், 12 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. துளையைச் சட்டத்தின் நிமிர்ந்த பக்கவாட்டில் போடுங்கள். மேல், கீழ் மடிப்புகள்தான் வளைவு விசையைத் தாங்குகின்றன. அங்கே துளையிட்டாலும் வெல்டிங் வைத்தாலும் வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். பந்து 50 மி.மீ. என்றால் டிரெய்லர் கப்பும் 50 ஆகவே இருக்கட்டும். 47.6 மி.மீ. பந்தில் 50 கப் உட்கார்ந்தது போலத் தெரியும், வேகத்தடையில் கழன்றுவிடும். கழன்றாலும் டிரெய்லரின் முன்னால் நீளும் ஏர்க்கால் தரையில் குத்தாமலிருக்க, இரண்டு சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனமாகவே கொள்கிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். நம் 1,350 கிலோவுக்கும் அது இல்லாமல் முடியாது. வேகம் 60-லிருந்து 80 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.78 மடங்காகிறது. எளிய ஏற்பாடு தள்ளு பிரேக்: பிக்கப் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கேபிளை இழுத்து டிரம் பிரேக்கைப் பிடிக்கும். ஆரியங்காவிலிருந்து தென்மலைக்கு இறங்குவது போன்ற நீண்ட இறக்கத்தில் அது விடாமல் உரசிச் சூடேறும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

விளக்குக்கு ஏழு முனை சாக்கெட். இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுங்குகிறதா? பெரும்பாலும் எர்த் சரியில்லை. பந்தின் கிரீஸும் பெயின்ட்டும் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால், எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்தாக வேண்டும்.

பத்து இருபது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, வீல் ஹப் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு ஹப் மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கமாக இருக்கும், அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து பாய்கிறது. வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாகத் தெற்கே போகும் சாலையில் அது பக்கவாட்டில் அறையும். முன்பாரம் குறைந்த டிரெய்லர் அங்கே ஆட ஆரம்பித்தால், ஒவ்வோர் ஆட்டமும் பிக்கப்பின் பின்புறத்தைத் தள்ளி அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீரிங்கை ஒடிக்காதீர்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகம் கூட்டித் தப்பவும் முயலாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தால் வேகம் தானே இறங்கி ஆட்டம் அடங்கும். ஓரம் கட்டியதும் டேங்கின் கட்டு தளர்ந்து பின்னால் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.