ஆத்தங்குடிப் பட்டறைக்கும் கார்பன் சட்டமா?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். “அண்ணே, ஒருத்தர் வந்து, கார்பன் சட்டம் வந்துருச்சு, பதியலேன்னா அபராதம், 15,000 ரூபாய் குடுத்தா நானே முடிச்சுத் தர்றேங்கிறார். குடுக்கலாமா?”

ஒரு பைசா கொடுக்காதீர்கள் என்றேன். சட்டம் வந்தது உண்மைதான், ஆனால் அது அவருக்கு இல்லை.

சட்டத்தின் பெயர் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம். மத்திய அரசு 2023 ஜூனில் அறிவித்தது. நடத்துவது பி.இ.இ., அதாவது நம் வீட்டு ஃபிரிட்ஜில் நட்சத்திர ஸ்டிக்கர் இருக்கிறதே, அந்த அலுவலகம். சிமெண்ட், இரும்பு எஃகு, அலுமினியம், காகிதம், உரம், குளோர் ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிப்பு), பெட்ரோலிய சுத்திகரிப்பு, பெட்ரோ கெமிக்கல், ஜவுளி என 9 துறைகளுக்காகத் திட்டமிட்டது. 2025 அக்டோபரில் முதல் தவணையாக 282 ஆலைகளுக்கு இலக்கு வந்தது. அதில் 186 சிமெண்ட் ஆலைகள்தான். எந்த ஆலைக்கு எவ்வளவு என்று அரசிதழில் பெயர் போட்டே வரும். பெயர் இல்லாதவருக்குக் கட்டாயம் இல்லை. அரிசி ஆலை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஓட்டலாக்கி நடத்துபவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம்.

தம்பியின் பட்டறையில் சூளையே கிடையாது. கண்ணாடியை வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். புகை வருவது அவர் வாங்கும் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால், ஆலையில். சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் கல்லே பிரிந்து கார்பன் டை ஆக்சைடை விடும். சுத்தமான கல்லாக இருந்தால் ஒரு டன்னுக்கு 440 கிலோ. எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல் தனி. அதனால் அடுப்பை மாற்றினால் மட்டும் போதாது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் கட்டியான கிளிங்கரைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பலைக் கூடுதலாகக் கலப்பது ஒரு வழி. மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அந்தச் சாம்பல் சிமெண்டுதான்.

சரி, கணக்கு எப்படி? மொத்தப் புகையை யாரும் எண்ணுவதில்லை, ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு புகை என்றுதான் பார்க்கிறார்கள். 2023-24ஆம் ஆண்டு அளவை அடிப்படையாக வைத்து 2025-26க்கும் 2026-27க்கும் இலக்கு. புரிவதற்காக நானே ஒரு ஆலையைக் கற்பனை செய்கிறேன். அதன் இலக்கு ஒரு டன் சரக்குக்கு 0.70 டன் கார்பன் டை ஆக்சைடு, ஆண்டு உற்பத்தி 10 லட்சம் டன். 0.68இல் முடித்தால் 20,000 சான்றிதழ் கையில் வரும். ஒரு சான்றிதழ் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மின்சாரச் சந்தையில் விற்கலாம், அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். 0.72இல் முடித்தாலோ, 20,000 சான்றிதழை வாங்கிக் கணக்கை நேர் செய்ய வேண்டும். வாங்காமல் இருந்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அந்தச் சுற்றின் சராசரி விலையைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கும், 90 நாளில் கட்டியாக வேண்டும். சராசரி விலை 1,000 ரூபாய் என்று வைத்தால் 4 கோடி. இந்த இரண்டு மடங்குதான் சட்டத்தின் பல். ஏய்ப்பதைவிட வாங்குவது மலிவு என்று ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அதே ஆலை 0.70ஐப் பிடித்துக்கொண்டு உற்பத்தியை 20 லட்சம் டன்னாக்கினால், புகை 7 லட்சம் டன்னிலிருந்து 14 லட்சம் டன்னாகும். அபராதம்? ஒரு ரூபாய்கூட இல்லை. வீடும் பாலமும் கட்டிக்கொண்டிருக்கும் நாட்டில் உற்பத்திக்கே பூட்டுப் போட முடியாது என்பது அரசின் பக்கத்து நியாயம், புரிகிறது. ஆனால் இதைப் “புகைக்கு உச்சவரம்பு” என்று சிலர் எழுதுவது தவறு.

இதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு, 2012இல் தொடங்கிய பாட் (PAT) என்ற எரிசக்திச் சிக்கனத் திட்டம். 478 ஆலைகளோடு ஆரம்பித்தது. அங்கே எண்ணியது புகையை அல்ல, எரிசக்தியை. ஜவுளி ஆலை என்றால் ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தி செலவழித்தால்தான் வளையத்துக்குள் வரும். மின்சாரமாகவே கணக்கிட்டால் கிட்டத்தட்ட 3.5 கோடி யூனிட். சின்ன ஸ்பின்னிங் மில் எட்டிப்பார்க்கக்கூட முடியாத உயரம்.

பிரிட்டனில் 2010இல் வந்த திட்டம் இன்னும் அகலமாக வலை வீசியது. ஆண்டுக்கு 60 லட்சம் யூனிட் மின்சாரம் தாண்டினால் சூப்பர் மார்க்கெட், பல்கலைக்கழகம், நகராட்சி எல்லாருமே கட்ட வேண்டியிருந்தது, தொடக்கத்தில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 12 பவுண்டு. காகித வேலை தாங்கவில்லை என்ற புலம்பல் ஓயாமல், 2019இல் மூடிவிட்டார்கள்.

சின்னவர்கள் தாமாக விரும்பினால் புகை குறைக்கும் வேலையைப் பதிந்து சான்றிதழ் பெற 2023 டிசம்பரில் ஒரு வழி திறந்தார்கள். அது விருப்பம்தான், கட்டாயம் இல்லை. வந்த ஆசாமி இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார், அல்லது குழப்புவதுபோல நடித்திருக்கிறார்.

“மறுபடி வந்தா என்னண்ணே சொல்றது?” என்றார் தம்பி.

“அரசிதழ்ல உங்க பட்டறை பேரு எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.”