பிரான்ஸில் வாடகை வீட்டுக் காப்புறுதி: கட்டாயம் எது, போதுமானது எது

பிரான்ஸில் வாடகை வீட்டின் திறப்பை வாங்கும்போதே காப்புறுதிச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். நம்மவர்கள் 'அத்தெஸ்தாசியோன்' என்று சொல்லும் தாள்தான் அது. 1989 ஜூலை 6ஆம் திகதிய வாடகைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. நிரந்தரமாக வசிக்கும் தளபாட வீடுகளும் 2014 முதல் இதற்குள் வந்துவிட்டன. விடுமுறைக்கால வாடகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

சட்டம் கேட்பது 'ரிஸ்க் லொக்காத்தீவ்' மட்டும். அதாவது தீ, வெடிப்பு, நீர்க்கசிவு ஆகியவற்றால் வீட்டுக்காரரின் கட்டடத்துக்கு வரும் சேதம். மலிவாக இருக்கிறதென்று இதை மட்டும் எடுத்தவருக்குத் தன் சோபா எரிந்தாலும் ஒரு சதமும் வராது. கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் அந்தச் செலவும் அவர் தலையில்தான். சொந்தப் பொருட்களுக்கும் அயலவர் இழப்புக்கும் சேர்த்து 'மூல்த்திரிஸ்க்' எடுப்பதே நல்லது.

அதிலும் இரண்டு இடங்களைக் கவனித்து வாசியுங்கள். ஒன்று, அறைகளின் எண்ணிக்கை. பெரிய அறையைச் சில நிறுவனங்கள் இரண்டாகக் கணக்கிடும். குறைத்துச் சொல்லியிருந்தால், கட்ட வேண்டிய கட்டணத்தைவிட எவ்வளவு குறைவாகக் கட்டினீர்களோ இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மற்றது நகை. தாலிக்கொடியும் காப்பும் 'பெறுமதியான பொருட்கள்' என்ற தனி உச்சவரம்புக்குள் வரும். அந்தத் தொகை நம் வீட்டு நகைக்குப் பெரும்பாலும் போதாது. பற்றுச்சீட்டும் படமும் இல்லையென்றால் அதைக்கூட வாங்குவது கஷ்டம்.

வீட்டுக்காரர் ஆண்டுதோறும் புதிய சான்றிதழ் கேட்கலாம். குறிப்பிட்ட நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. காப்புறுதியே இல்லாவிட்டால் அவருக்கு இரண்டு வழி. ஒப்பந்தத்தில் அதற்கான நிபந்தனை இருந்தால், 'கொமிஸேர் து ஜுஸ்தீஸ்' என்ற சட்ட அதிகாரி மூலம் கட்டளை அனுப்பி, ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் வராதபோது ஒப்பந்தத்தை முறிக்கும் நடவடிக்கைக்குப் போகலாம். அல்லது எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, ஒரு மாதம் கழித்து உங்கள் பெயரில் தானே எடுத்து, கட்டணத்தை அதிகபட்சம் 10 வீதம் கூட்டி, மாதம் பன்னிரண்டில் ஒரு பங்காக வாடகையோடு அறவிடலாம். அதுவும் கட்டாயப் பகுதிக்கு மட்டுமே. உங்கள் பொருட்கள் அதற்குள் வராது.

கூட்டாக வாடகைக்கு எடுத்தால், ஒரே காப்புறுதி போதும் என்றாலும் எல்லோருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் உடனே சேர்த்துவிடுங்கள்.

முதல் ஆண்டு முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் நிறுவனத்தை மாற்றலாம். பழையதை நீங்களே நிறுத்தப் போகாதீர்கள். இடைவெளி விழாமல் புதிய நிறுவனமே அதை நிறுத்திக்கொடுக்கும்.

தண்ணீர் கசிந்தால் ஐந்து வேலை நாட்களுக்குள்ளும், திருட்டென்றால் இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் அறிவிக்க வேண்டும். கசிவுக்குக் கீழ்வீட்டாரோடு சேர்ந்து 'கொன்ஸ்தா' என்ற சேத அறிக்கைப் படிவத்தை நிரப்பி இருவரும் கையெழுத்திடுங்கள். குளியல்தொட்டியைச் சுற்றிய சிலிக்கோன் கிழிந்ததுதான் காரணமென்றால், நனைந்த சுவருக்குப் பெரும்பாலும் காப்புறுதி தரும், சிலிக்கோன் மாற்றும் செலவு உங்களுடையது.