நேற்று வந்த கணக்கு இன்று வராத பிள்ளை

கொங்குப் பக்கம் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் நிறைய பேர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டோடு வருவார்கள். கவனம் இல்லை, சொன்ன பேச்சு கேட்பதில்லை, பொய் சொல்கிறான், திருடுகிறான் என்று ஏதாவது எழுதியிருக்கும். அப்படி வந்த ஒரு பையனை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க வேறு சில பிள்ளைகளின் விவரங்களையும் கலந்திருக்கிறேன், பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பிக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, பார்த்தால் ஆறு வயதுப் பிள்ளை மாதிரி இருந்தான். கூட்டி வந்தது அம்மாயி. அம்மா கதவோரம் நின்றுகொண்டாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அம்மாயிதான் பேசினார்: "நல்லாத்தானுங்க பேசுறான் டாக்டரம்மா. ரோட்டுல போறவங்ககிட்டக்கூட போய் ஒட்டிக்குவான். ஆனா இருபது ரூபா குடுத்துக் கடைக்கு அனுப்புனா மீதி வாங்கத் தெரியலீங்க. நேத்து ராத்திரி பூரா சொல்லிக் குடுத்தேன், டக்கு டக்குனு சொன்னான். காலைல எந்திரிச்சா ஒண்ணும் இல்லீங்க."

இந்தக் கடைசி வரியைக் கேட்டால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். படிக்க வராத பிள்ளைக்கு நேற்றும் வராது, இன்றும் வராது. நேற்று வந்து இன்று காணாமல்போய், நாளான்னைக்குத் திரும்ப வருகிறது என்றால் அது வேறு.

தம்பியிடம், "அந்தக் கூடையில இருக்கிற சிவப்புப் பந்தை எடுத்து, மேசைமேல வச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வா சாமி" என்றேன். சந்தோஷமாக ஓடினான், பந்தை எடுத்தான், அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றான். அடம் இல்லை, பயமும் இல்லை, அடுத்தது என்னவென்று அவன் தலையில் இல்லை, அவ்வளவுதான். நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னால் சொல்லிவிட்டான், அதுதான் இதில் பெரியவர்களை ஏமாற்றுகிற இடம். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னேன், மூன்றையும் செய்தான்.

பிறகு வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தைப் பார்த்தேன். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் நம் எல்லோருக்கும் சின்ன வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், அவனுக்கு அந்த இடம் கிட்டத்தட்ட வழவழவென்று இருந்தது. மேலுதடு மெல்லிய கோடு. கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிமூலைவரை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்தால் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. தலைச் சுற்றளவும் அட்டவணையின் அடிக்கோட்டை ஒட்டியே இருந்தது.

இந்த மூன்று முக அடையாளங்களும், கூடவே வளர்ச்சிக் குறைவும் மூளை சார்ந்த சிக்கல்களும் சேர்ந்து வந்தால் அதற்கு ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயர். கருவில் இருக்கும்போது தாய் அருந்திய மது குழந்தையைப் பாதித்ததால் வருவது. 1968இல் பிரான்சின் நாந்த் நகரத்தில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 127 குழந்தைகளை வைத்து இதை எழுதினார்கள், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் இந்தப் பெயரை வைத்த பிறகுதான் உலகம் கவனித்தது. இன்றைக்கு லேசான பாதிப்பு, கடுமையான பாதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸ்ஆர்டர், சுருக்கமாக எஃப்.ஏ.எஸ்.டி. என்கிறோம்.

தம்பி மாதிரி முகத்திலேயே தெரிகிற பிள்ளைகள் ரொம்பக் கொஞ்சம். எஃப்.ஏ.எஸ்.டி. உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் முகம் மற்ற பிள்ளைகளின் முகம் மாதிரியேதான் இருக்கும். காரணம் எளிது. அந்த முகக்கூறுகள் உருவாவது கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரு குறுகிய காலத்தில். அந்த நாட்களில் மது படாமல் பிறகு பட்டிருந்தால் முகம் தப்பிவிடும். மூளை ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது தப்பாது. தாயின் ரத்தத்தில் ஏறுகிற ஆல்கஹால் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடுகிறது, அதை உடைத்து வெளியேற்ற அந்தக் குழந்தையின் ஈரலுக்குச் சக்தி கிடையாது.

முகத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. வலிப்புக்கு வேல்ப்ரோயேட், ஃபெனிடாயின் மாதிரி மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும், சில மரபணுக் கோளாறுகளிலும் இதே போன்ற உதடும் பள்ளமும் வரலாம். அதனால் தாய்க்கு என்ன மாத்திரை ஓடியது என்று கேட்காமல் நான் இந்தப் பெயரை எழுதுவதே இல்லை. போனில் போட்டோ அனுப்பி "பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்பவர்களுக்கும் இதுதான் பதில், நேரில் கூட்டி வாருங்கள்.

சரி, முகத்தில் அடையாளம் இல்லையென்றால் எதைப் பார்ப்பது? கைக்குழந்தையில் பால் உறிஞ்சுவது பலவீனமாக இருக்கும், தூக்கம் தாறுமாறாக இருக்கும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு அழும், எடை ஏறாது. இதெல்லாம் வேறு நூறு காரணத்தாலும் வரும் என்பதால் அந்த வயதில் யாருக்கும் தோன்றாது. நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்காது. தெரியாத ஆள் கை நீட்டினாலும் போய்விடும். ஆட்டிசம் என்று சந்தேகப்பட்டு வருகிற பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் நான் முதலில் பார்க்கிற வித்தியாசம் பெரும்பாலும் இதுதான், இவர்களுக்கு மனிதர்கள் என்றால் உயிர், யாரிடம் ஒட்டலாம், யாரிடம் கூடாது என்பதுதான் புரியாது.

பள்ளிக்கூட வயதில்தான் எல்லாம் வெளியே வரும். வாய் நன்றாகப் பேசும், அதனால் புரிந்துகொள்கிறான் என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள். ஆனால் கணக்கு, காசு, மணி, கிழமை, இந்த நான்கிலும் தடுமாறுவான். "நாளைக்கு", "அப்புறம்" என்பதெல்லாம் அவனுக்குக் காற்றில் போகிற சொல். அடித்தாலும் அதே தப்பை மறுநாள் செய்வான், ஏனென்றால் நேற்று அடி வாங்கியதையும் இன்று செய்யப்போவதையும் சேர்த்துப் பார்க்கிற வேலையைச் செய்கிற மூளைப்பகுதிதான் அடிபட்டிருக்கிறது. பக்கத்துப் பையனின் ரப்பரை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்துக்கொண்டிருப்பான், மறைக்கக்கூடத் தோன்றாது. எப்படி வந்தது என்று கேட்டால் "மாமா வாங்கிக் குடுத்தாரு" என்பான். நடந்தது நினைவில் இல்லாத இடத்தை மூளை தன் போக்கில் ஒரு கதையால் நிரப்பிவிடுகிறது, சொல்லும்போது அது அவனுக்கு உண்மையாகவே படுகிறது. பொய்க்காரன் என்று பெயர் வாங்கிய எத்தனை பிள்ளைகளின் முதுகில் ஸ்கேல் தடம் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு மனம் வராது.

இனி, தாய் குடித்தாளா என்கிற அந்தக் கேள்வி. முகத்தில் அடையாளம் தெளிவாக இருந்தால் தாய் குடித்தாளா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் நோயைக் கண்டறியலாம். முகத்தில் அடையாளம் இல்லாத பிள்ளைகளுக்குக் கர்ப்பகாலத்தில் குடித்த விவரம் தெரிந்தே ஆக வேண்டும். நம் ஊரில் அதைக் கேட்பதில்லை. தாய் சேய் நல அட்டை முழுக்க இரும்புச் சத்து, தடுப்பூசி, ரத்த அழுத்தம் என்று கேட்போம், இதைக் கேட்க நாக்கு வராது. "நம்ம பொம்பளைங்க குடிக்க மாட்டாங்க" என்று நாமே பதில் எழுதிக்கொள்கிறோம். தேசிய குடும்பநல ஆய்வில் இந்தியப் பெண்களில் 1 சதவீதத்துக்குச் சற்று அதிகமானவர்கள்தான் குடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், தமிழ்நாட்டில் அதைவிடவும் குறைவு. வீட்டு வாசலில் வைத்துக் கேட்டால் எத்தனை பேர் ஆமாம் என்பார்கள்? குறைவு என்பதையே உண்மையாக வைத்துக்கொண்டாலும், அந்தக் கொஞ்சம் பேரின் பிள்ளைகளும் எங்கள் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள்.

அம்மாயியைத் தம்பியோடு வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் கேட்டேன். "குடிச்சியா" என்று கேட்டால் பதில் வராது. "மாசமா இருக்கறது உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?" என்றேன். அஞ்சாம் மாதம் என்றாள். "அதுக்கு முன்னாடி வேலை விட்டு வந்தா உடம்பு வலிக்கு என்ன பண்ணுவே?" கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டட வேலையில் சித்தாள், நாள் முழுக்கச் சட்டி சுமந்துவிட்டு வந்தால் இடுப்பு நிற்காது, வீட்டுக்காரர் வாங்கி வருவதில் அவளும் குடிப்பாள், சனிக்கிழமை சம்பள நாளில் ஒரு குவாட்டர் முழுசாக. தெரிந்த பிறகு குறைத்தாளாம், ஆனால் நிறுத்தவில்லை. "கொஞ்சந்தானுங்க" என்றாள்.

ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். "பீர்தானே" என்பவர்களுக்கும் சொல்கிறேன், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம் இருக்கிறது. கள் இயற்கையானது, ஒயின் ரத்தம் ஊறும் என்பதெல்லாம் கருவில் இருக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது, அதற்கு எல்லாமே ஒரே ஆல்கஹால்தான். இவ்வளவுவரை பரவாயில்லை என்று யாராலும் சொல்ல முடிந்த அளவு கிடையாது. கர்ப்பத்தில் கொஞ்சமாவது குடித்த பெண்களில் சுமார் 13 பேருக்கு ஒருவரின் குழந்தைக்கு எஃப்.ஏ.எஸ்.டி. வருகிறது என்று 2017இல் உலக அளவில் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் 1989 முதல் பாட்டிலிலேயே கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை இருக்கிறது. நம் பாட்டிலில் வண்டி ஓட்டாதீர் என்று இருக்கிறது, வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் திராட்சைத் தோட்டக் கூலியாட்களுக்குக் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்துப் பழக்கினார்கள், அந்த வழக்கம் போன பிறகும் உலகிலேயே அதிகமாக இந்தப் பிள்ளைகள் இருப்பது அங்கேதான். முதுகு ஒடிய வேலையும் மலிவான சரக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற எந்த இடத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஊர் ஞாபகம் வரும்.

இதற்கு முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லை. துறுதுறுப்புக்கு மாத்திரை சில பிள்ளைகளுக்கு உதவும். பெரிய மாற்றம் வருவது நாம் நடந்துகொள்ளும் விதத்தில்தான். தம்பியின் டீச்சருக்கு எழுதிய கடிதத்தில் நான்கே விஷயம் கேட்டேன்: ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து மேசையில் ஒட்டுங்கள், ஜன்னலோரத்தில் உட்கார வைக்காதீர்கள், மறந்தால் முதல் தடவை சொல்வது போலவே மறுபடி சொல்லுங்கள். அவர் அதைச் செய்தார், அதுவும் முகம் சுளிக்காமல் செய்தார், அந்த டீச்சருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள், கூட்டிப் போங்கள். ஆறு வயதுக்குள் கண்டுபிடித்துவிட்டால் பின்னால் வரும் சிக்கல்கள் கணிசமாகக் குறையும். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 மாற்றுத்திறன் வகைகளில் எஃப்.ஏ.எஸ்.டி. தனியாக இல்லை, அறிவுசார் குறைபாடு அல்லது கற்றல் குறைபாடு என்ற தலைப்பில்தான் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. ஐ.க்யூ. ஓரளவு நன்றாக வருகிற பிள்ளைகள் எந்தத் தலைப்பிலும் சேராமல் நடுவில் மாட்டிக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், இது மாற வேண்டும்.

இதைப் படிக்கிற யாராவது இப்போது கர்ப்பமாக இருந்து, தெரியாமல் குடித்திருந்தால், பயந்து ஒளிய வேண்டாம். இன்றைக்கு நிறுத்தினாலும் குழந்தைக்கு நல்லது, எந்த மாதமாக இருந்தாலும். தினமும் அதிகம் குடித்துப் பழகியவர்கள் மட்டும் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கை நடுக்கம், வலிப்புவரை போகும், டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள். வீட்டுக்காரர்களும் அந்த மாதங்களில் வீட்டுக்குள் பாட்டிலைக் கொண்டு வராதீர்கள்.

தம்பியின் அம்மா மூன்றாவது தடவை வந்தபோது கதவோரம் நிற்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாயி மருந்துச் சீட்டு வாங்கப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "எங்க செட்டுல ஒரு புள்ள இருக்குதுங்க, எங்ககூடவேதான் குடிக்கும். நீங்க திட்ட மாட்டீங்கன்னு சொல்லியிருக்கேன். கூட்டிட்டு வரட்டுங்களா?"

அடுத்த புதன்கிழமை கூட்டி வந்தாள். அந்தப் பெண்ணுக்கு அப்போது நாலாம் மாதம்.